டெல்லி: 4 நாள், 5 பேர், கையைக் கடிக்காமல் எதையெல்லாம் பார்க்கலாம்?

அடையாறு ஆலமரம்

வணக்கம். காலாண்டு லீவுல குடும்பத்தோட டெல்லி போறோம். நானும் கணவரும், பையன் 13 வயசு, பொண்ணு 9 வயசு, கூட மாமியார். அவங்களுக்கு 67 வயசு, முட்டி வலி. சமதளத்துல மெதுவா நடப்பாங்க, படி ஏறுறதுதான் கஷ்டம்.

ரயில் டிக்கெட் போக வர எடுத்தாச்சு. பஹாட்கஞ்ச்ல மூணு ராத்திரிக்கு ரூமும் போட்டாச்சு. சனிக்கிழமை காலைல நியூ டெல்லி ஸ்டேஷன்ல இறங்குறோம், செவ்வாய் ராத்திரி அங்கேயே ரயில் ஏறணும். நடுவுல சாப்பாடு, டிக்கெட், உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாத்துக்கும் சேர்த்து 9,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும்.

நான் போட்ட கணக்கு இது: சனி சாயந்திரம் இந்தியா கேட். ஞாயிறு தாமரைக் கோயில், அக்ஷர்தாம். திங்கள் செங்கோட்டை, ஜாமா மசூதி. செவ்வாய் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை. முடிஞ்சா ஒரு நாள் ஆக்ராவும் போய் தாஜ்மகால் பார்த்துடலாம்னு பிள்ளைங்க கேக்குறாங்க.

கேள்விகள்: இந்தப் பணம் போதுமா? மெட்ரோவுல டூரிஸ்ட் கார்டு வாங்கினா லாபமா? ஒரே நாள்ல எல்லாத்தையும் சுத்திக் காட்டுற பஸ் இருக்குன்னு சொல்றாங்களே, அது நமக்குச் சரிவருமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

மஞ்சள் தடம்

வணக்கம் மேடம். பணம் போதும். ஆனா உங்க திட்டத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதை முதல்ல அடைச்சிடுவோம். திங்கட்கிழமை செங்கோட்டை லீவு. தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, ரயில் மியூசியம் எல்லாமே திங்கள்தான் மூடியிருக்கும். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினா அஞ்சு பேருக்குப் போக வர செலவும் அரை நாளும் வீண். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம், பங்களா சாகிப் குருத்வாரா இவை வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். அதனால திங்கட்கிழமைக்கு எது வரும்னு முடிவு பண்ணிட்டு, மத்த மூணு நாளையும் அதைச் சுத்தி அடுக்கணும்.

அடுத்தது பணம். டெல்லியில நுழைவுக் கட்டணத்துல பணம் கரையாது. தொல்லியல் துறை இடங்கள்ல 15 வயசுக்குக் கீழே இலவசம். உங்க ரெண்டு பிள்ளைங்களுக்கும் டிக்கெட் கிடையாது (பையனோட ஆதார் நகல் ஒண்ணு கையில இருக்கட்டும், உயரமா இருந்தா கேப்பாங்க). பெரியவங்க மூணு பேருக்கு செங்கோட்டை, குதுப், ஹுமாயூன் மூணுலயும் ஆன்லைன்ல தலைக்கு 35 ரூபாய், கவுண்டர்ல 40. ஆன்லைன்ல எடுத்தா மூணு இடத்துக்கும் சேர்த்து மொத்தமே 315 ரூபாய்தான். செங்கோட்டைக்குள்ள இருக்கிற மியூசியங்களுக்கும், ஹுமாயூன் கல்லறை பக்கத்துல இருக்கிற புது மியூசியத்துக்கும் தனிக் கட்டணம். தாமரைக் கோயில், அக்ஷர்தாம் வளாகம், இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம், குருத்வாரா, காந்தி ஸ்மிருதி எல்லாம் இலவசம்.

வாசல்ல க்யூஆர் பலகை இருக்கும், ஸ்கேன் பண்ணி டிக்கெட் எடுக்கலாம். ஆனா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துல நெட் இழுக்காது, பணம் மட்டும் போய் டிக்கெட் வராம நிப்பீங்க. முந்தின ராத்திரி ரூம்லயே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வெச்சுக்கோங்க.

பணம் எங்க கரையும்னா, ஆட்டோவுலதான். நீங்க அஞ்சு பேர். டெல்லி ஆட்டோவுல சட்டப்படி மூணு பேர்தான், கால் டாக்ஸியில நாலு பேர். அஞ்சு பேரையும் ஒரே ஆட்டோவுல ஏத்திக்கிறேன்னு சிலர் சொல்வாங்க, அதுக்கு வாய்க்கு வந்த ரேட்டும் கேப்பாங்க. மெட்ரோதான் உங்களுக்கு முதுகெலும்பு. 2025 ஆகஸ்ட் மாத உயர்வுக்கு அப்புறம் கட்டணம் இப்படி: 2 கிலோமீட்டர் வரை 11 ரூபாய், 5 வரை 21, 12 வரை 32, 21 வரை 43, 32 வரை 54, அதுக்கு மேல 64. ஞாயிறும் தேசிய விடுமுறை நாட்களும் ஒரு படி குறைவு. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கிற குழந்தைக்குத்தான் இலவசம், அதனால பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் முழு டிக்கெட்.

டூரிஸ்ட் கார்டு வேண்டாம். ஒரு நாள் கார்டு 200 ரூபாய், அதுல 50 டெபாசிட் திரும்ப வரும். அதாவது ஒரு நாளைக்கு ஒரு ஆள் 150 ரூபாய்க்கு மேல மெட்ரோவுல போனாத்தான் லாபம். உங்க திட்டத்துல ரொம்ப அலையுற நாள்ல கூட தலைக்கு 120 ரூபாயைத் தாண்டாது. சாதா ஸ்மார்ட் கார்டுல ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. காலை 8 மணிக்கு முன்னாடியும், மதியம் 12 முதல் 5 வரையும், ராத்திரி 9-க்கு அப்புறமும் இன்னொரு 10 சதவீதம். ஆனா ஒரு கார்டுல ஒரு ஆள்தான் போகலாம், அஞ்சு கார்டு வாங்கணும். நாலு நாளைக்கு அது அவ்வளவு பெரிய மிச்சம் இல்லை. சென்னையில 'சிங்காரச் சென்னை' கார்டு வெச்சிருந்தா எடுத்துட்டு வாங்க. அது தேசியப் பொதுப் பயண அட்டை, டெல்லி மெட்ரோ கேட்லயும் வேலை செய்யும். மத்தவங்களுக்கு மொபைல்ல க்யூஆர் டிக்கெட் போட்டா கவுண்டர் வரிசை மிச்சம்.

இனி நாள் கணக்கு. நான் இப்படி மாத்துவேன்.

சனி: முப்பது மணி நேரத்துக்கு மேல ரயில்ல உட்கார்ந்து வந்த உடம்பு, பெரியவங்க வேற இருக்காங்க. மதியம் வரைக்கும் ஓய்வு. அப்புறம் மெட்ரோவோட மஞ்சள் தடத்துல லோக் கல்யாண் மார்க் ஸ்டேஷன்ல இறங்கி காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30-ல காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகை இதுதான். அவர் கடைசியா நடந்த பாதையில கல்லுல பாதம் செதுக்கி வெச்சிருக்காங்க, பாடப் புத்தகத்துல படிச்ச பிள்ளைங்களுக்கு அது மனசுல நிக்கும். சாயந்திரம் 5 மணிக்கு மூடிடுவாங்க, 3 மணிக்குள்ள போயிடுங்க. திரும்பும்போது படேல் சௌக் இறங்கி பங்களா சாகிப். தலையை மூடத் துணி அங்கேயே கிடைக்கும், செருப்பு வைக்கிற இடமும் இலவசம். இருட்டினதும் குளத்துல பொன் கூரை விழுற நிழலுக்காகவே 6 மணிக்கு மேல இருக்கணும்.

ஞாயிறு: செங்கோட்டை. காலை 9:30-க்குத் திறக்கும்போதே உள்ள போயிடுங்க, 11 மணிக்கு மேல பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். சாந்தினி சௌக் கடைகள்ல பெரும்பாலானவை ஞாயிறு லீவு. வாங்க வர்றவங்களுக்கு அது குறை, குடும்பத்தோட நடக்கிறவங்களுக்கு அது வரம். பெரியவங்களுக்காக சாந்தினி சௌக் ஸ்டேஷன்ல இறங்காதீங்க, கோட்டைக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கணும். காஷ்மீரி கேட்ல ஊதா தடத்துக்கு மாறி லால் கிலா ஸ்டேஷன்ல இறங்கினா கோட்டை கிட்டக்க. ஜாமா மசூதிக்கு அதே தடத்துல அடுத்த ஸ்டேஷன். ஆனா எந்த வாசல்ல போனாலும் முப்பதுக்கு மேல படி, தொழுகை நேரத்துல சுற்றுலாக்காரங்களை உள்ள விட மாட்டாங்க. மாமியார் அம்மாவை யாராவது ஒருத்தர் கூட கீழ உட்கார வெச்சிட்டு மத்தவங்க போயிட்டு வரலாம்.

திங்கள்: குதுப், ஹுமாயூன், இந்தியா கேட். மூணையும் ஒரே நாள்ல அடுத்தடுத்துப் பார்க்கலாம். நியூ டெல்லியில மஞ்சள் தடத்துல ஏறினா மாறாம குதுப் மினார் ஸ்டேஷன். அங்கிருந்து மினார் ஒன்றரைக் கிலோமீட்டர், ஷேர் இ-ரிக்‌ஷா கிடைக்கும். காலைல 8 மணிக்கு உள்ள இருந்தா வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. 72.5 மீட்டர் கோபுரத்துக்கு உள்ள ஏற முடியாது, 1981 விபத்துக்கு அப்புறம் மூடிட்டாங்க. பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. தரை பெரும்பாலும் சமதளம், அம்மாவுக்கு டெல்லியிலயே வசதியான நினைவுச் சின்னம் இதுதான். 1,600 வருஷமா துருப்பிடிக்காம நிக்கிற இரும்புத் தூணும் இதே வளாகத்துல. திரும்பி மத்தியச் செயலகம் ஸ்டேஷன் வந்து ஊதா தடத்துக்கு மாறி, ஜேஎல்என் (ஜவஹர்லால் நேரு) ஸ்டேடியம் இறங்கினா ஹுமாயூன் கல்லறை ரெண்டு கிலோமீட்டர்.

இங்கதான் கணக்கைக் கவனிக்கணும். ஹுமாயூன்ல இருந்து இந்தியா கேட் சுமார் 4 கிலோமீட்டர்தான். மெட்ரோவுல போனா ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, அஞ்சு டிக்கெட் 105 ரூபாய், இறங்கி மறுபடி ரெண்டு கிலோமீட்டர் நடை. ஆட்டோ மீட்டர் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30, அப்புறம் கிலோமீட்டருக்கு 11. நாலு கிலோமீட்டருக்கு 58 ரூபாய் வரும், ரெண்டு ஆட்டோ வெச்சாலும் 120-க்குள்ள. நேரா வாசல்ல இறக்கி விடுவாங்க. இந்த மாதிரி குறுக்கு வெட்டுக்கு ஆட்டோ, நீளமான தூரத்துக்கு மெட்ரோ. மீட்டர் போட மாட்டேன்னா ஆப்ல ரேட் பார்த்து அதையே சொல்லிப் பேசுங்க.

செவ்வாய்: காலை தாமரைக் கோயில், அங்கிருந்து அக்ஷர்தாம். ஞாயிறுக் கூட்டத்துல ரெண்டு இடத்துலயும் வரிசையிலேயே பாதி நாள் போயிடும், செவ்வாய்ல அந்தத் தொல்லை குறைவு.

யமுனைக்கரை

மஞ்சள் தடம் சொன்ன அடுக்கு சரி. செவ்வாய்க்கிழமையைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அன்னைக்குத்தான் ரயில் பிடிக்கணும்.

தாமரைக் கோயிலுக்கு கால்காஜி மந்திர் ஸ்டேஷன். பேர்லயே இருக்கிற மாதிரி பக்கத்துலயே கால்காஜி அம்மன் கோயில். நவராத்திரியில அந்த ஸ்டேஷன்ல கால் வைக்க இடம் இருக்காது. காலாண்டு லீவு சில வருஷம் நவராத்திரியோட சேர்ந்து வரும். காலண்டரைப் பாருங்க, அப்படி வந்தா தாமரைக் கோயிலை விட்டுட்டு நேரா அக்ஷர்தாம் போயிடுங்க. பெரியவங்களை அந்த நெரிசல்ல நிறுத்தாதீங்க.

தாமரைக் கோயில்ல இருந்து அக்ஷர்தாமுக்கு ஊதா தடத்துல மண்டி ஹவுஸ் வந்து நீலத் தடத்துக்கு மாறணும். நீலத் தடம் யமுனா பேங்க் ஸ்டேஷன்ல ரெண்டாப் பிரியும். ஒண்ணு வைஷாலி போகும், இன்னொண்ணு நொய்டா. அக்ஷர்தாம் நொய்டா கிளையில. பெட்டிக்குள்ள ஏறும் முன்னாடி முகப்புப் பலகையைப் பார்த்து நொய்டா வண்டியில ஏறுங்க. தப்பா வைஷாலி வண்டியில ஏறிட்டா பதறாதீங்க, யமுனா பேங்க்லயே இறங்கி நொய்டா வண்டிக்கு மாறிக்கலாம்.

அக்ஷர்தாமுக்குள்ள மொபைல், கேமரா, ஸ்மார்ட் வாட்ச், பை எதுவும் விட மாட்டாங்க. க்ளோக் ரூம் இலவசம், ஆனா அதுக்கே ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. அன்னைக்கு ஒரே ஒரு போனை எடுத்துட்டு வாங்க, மத்ததெல்லாம் ஓட்டல் பெட்டியில இருக்கட்டும். உள்ள போனப்புறம் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட வழியே இல்லை. அதனால நுழைஞ்சதும் ஒரு இடத்தைக் காட்டி, 'பிரிஞ்சா இங்க வந்து நிக்கணும்'னு ரெண்டு பிள்ளைங்களுக்கும் சொல்லிடுங்க. கணவர் கைக்கடிகாரம் கட்டிக்கட்டும், நேரம் பார்க்க வேற வழி இருக்காது.

கோயிலும் தோட்டமும் இலவசம். கண்காட்சி, படகுப் பயணம், ராத்திரி நீரூற்றுக் காட்சி இதுக்கெல்லாம் தனி டிக்கெட். நீரூற்றுக் காட்சி இருட்டினப்புறம்தான், ரயில் இருக்கிற நாள்ல அதை நினைக்கவே வேண்டாம். வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாது, உள்ளேயே ஒரு உணவு வளாகம் இருக்கு. மதியச் சாப்பாட்டை அங்கேயே வெச்சுக்கோங்க. 4 மணிக்கு வெளிய வந்துட்டா, ராஜீவ் சௌக்ல மஞ்சள் தடத்துக்கு மாறி நியூ டெல்லி வர வசதியா இருக்கும். 5:30-க்கு மேல ராஜீவ் சௌக்ல அலுவலகக் கூட்டம். மாடி மாறுற இடத்துல முட்டி வலிக்காரங்களை நிக்க விட மாட்டாங்க, தள்ளிக்கிட்டே போயிடும்.

இன்னொண்ணு: எல்லா மெட்ரோ ஸ்டேஷன்லயும் லிப்ட் இருக்கு, ஆனா எல்லா வாசல்லயும் இருக்காது. லிப்ட் எந்த கேட்லன்னு பலகையில சக்கர நாற்காலிப் படம் போட்டிருக்கும். வண்டி போற திசையில முதல் பெட்டி பெண்களுக்கு. உங்க கணவர் அவசரத்துல அதுல ஏறினா அபராதம். ரெண்டாவது பெட்டியில இருந்து நில்லுங்க, குடும்பம் பிரியாது.

ஊர்சுற்றி

ஒரே நாள்ல சுத்திக் காட்டுற பஸ் பத்திக் கேட்டிருந்தீங்க அக்கா. வேண்டாம். எட்டு ஒன்பது இடம்னு சொல்வாங்க, அதுல பாதி ஜன்னல் வழியா காட்டுறது. செங்கோட்டையில முக்கால் மணி நேரம் குடுப்பாங்க, வரிசையிலேயே அது போயிடும். ஆனா கைவினைப் பொருள் எம்போரியத்துல மட்டும் பஸ் நிதானமா நிக்கும். முட்டி வலி இருக்கிறவங்களுக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கி, அதுதான் பெரிய வேதனை. பஸ் கட்டணம் தலைக்கு. அஞ்சு பேருக்குக் கட்டுற காசுல மெட்ரோவுல நாலு நாள் போகலாம்.

இதே எம்போரியம் வேலையை ஆட்டோக்காரங்களும் பண்ணுவாங்க. '50 ரூபாய்க்கு நாலு இடம் காட்டுறேன்'னு யாராவது சொன்னா ஏறாதீங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போனா அவங்களுக்குக் கமிஷன், அதான் ரேட் அவ்வளவு குறைவு.

ஸ்டேஷன்ல இறங்கினதும் இன்னொரு ஏமாத்து: 'உங்க ஓட்டல் பக்கம் ரோடு மூடிட்டாங்க', 'அந்த ஓட்டல் சீல் வெச்சாச்சு', 'முதல்ல டூரிஸ்ட் ஆபீஸ்ல பதிவு பண்ணணும்'னு பக்காவா பேசுவாங்க. சிலர் கழுத்துல அடையாள அட்டையும் தொங்கும். பதிலே சொல்லாம நடந்துடுங்க. பஹாட்கஞ்ச் பக்கம் 1-ஆம் பிளாட்பாரம், அந்த வாசல்ல வெளிய வந்தா ரோட்டைத் தாண்டினா போதும். மெட்ரோ இருக்கிறது அதுக்கு நேர் எதிர்ப் பக்கம், அஜ்மேரி கேட், 16-ஆம் பிளாட்பாரம் பக்கம். இதைத் தெரிஞ்சுக்காம தினமும் ஸ்டேஷன் பாலத்துல ஏறி இறங்கினா உங்க மாமியார் ரெண்டாவது நாளே ரூமை விட்டு வர மாட்டாங்க. ரூம்ல இருந்து ராமகிருஷ்ணா ஆசிரம் மார்க் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்னு மேப்ல பாருங்க. அது நீலத் தடம், பஹாட்கஞ்சோட அந்தக் கோடியில இருக்கு, ஒரே ஸ்டாப்ல ராஜீவ் சௌக். பல ஓட்டல்களுக்கு அதுதான் கிட்ட.

சனிக்கிழமை காலைல இறங்குறீங்க, ஓட்டல் செக்-இன் பெரும்பாலும் மதியம் 12. இப்பவே போன் பண்ணி 'எர்லி செக்-இன் உண்டா, அதுக்குக் காசு எவ்வளவு'னு கேளுங்க. அரை நாள் வாடகை கேட்டாங்கன்னா உங்க 9,000-ல ஒரு துண்டு அங்கேயே போயிடும். அதுக்குப் பதிலா பெட்டியை ரிசப்ஷன்ல வெச்சிட்டு, ஸ்டேஷன் ஏசி வெயிட்டிங் ஹால்ல குளிச்சு உடை மாத்திக்கலாம். அஞ்சு பேருன்னு புக்கிங்ல இருக்கான்னும் பாருங்க. ரெண்டு பெரியவங்க ரெண்டு பிள்ளைங்கன்னு போட்டிருந்தா கூடுதல் படுக்கைக்கு அங்க வெச்சுக் கேப்பாங்க. பெரியவங்க எல்லாருக்கும் ஆதார் மாதிரி ஒரு அசல் அடையாள அட்டை கட்டாயம்.

சாப்பாடு: மெட்ரோ நாலு நாளைக்கும் அஞ்சு பேருக்கு 1,600 சுமார், ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு 1,000, டிக்கெட் 315. மிச்சம் 6,000 ரூபாய் சாப்பாட்டுக்கு. ஒரு நாளைக்கு 1,500, தலைக்கு 300. தாராளமா முடியும், சுற்றுலா இடத்து வாசல்ல சாப்பிடாம இருந்தா. திங்கட்கிழமை இந்தியா கேட் பக்கம் போறதுக்கு முன்னாடி ஆந்திரா பவன் (ஆந்திர அரசோட விருந்தினர் இல்லம்) கேன்டீன்ல மதியச் சாப்பாடு போடுங்க. அளவில்லாச் சாப்பாடு, சோறு சாம்பார் ரசம் தயிர்னு நம்ம வயித்துக்குப் பழகினது. காரம் தூக்கலா இருக்கும், பொண்ணுக்குப் பருப்புப் பொடியை விலக்கிடுங்க. 1 மணிக்கு மேல போனா டோக்கன் வாங்கிட்டுக் காத்திருக்கணும், 12:30-க்கே போயிடுங்க. வடக்கத்தி ஓட்டல்ல ஆளுக்கொரு 'தாலி' (தட்டுச் சாப்பாடு) சொல்லாதீங்க. ரெண்டு தாலி, ஒரு சப்ஜி, கூட ரொட்டின்னு சொன்னா அஞ்சு பேருக்குப் போதும், பிள்ளைங்க மீதி வைக்க மாட்டாங்க.

சனிக்கிழமை ராத்திரி பங்களா சாகிப்ல லங்கர் (குருத்வாராவுல எல்லாருக்கும் போடுற பொதுச் சாப்பாடு) சாப்பிடலாம், யார் வேணும்னாலும் உட்காரலாம், காசு கிடையாது. ரொட்டியை ரெண்டு கையையும் நீட்டித்தான் வாங்கணும். வாங்கினதை மிச்சம் வைக்கக் கூடாது, அதனால பிள்ளைங்களுக்கு ஒண்ணொண்ணா வாங்கச் சொல்லுங்க. வரிசையாத் தரையில உட்காரணும். மாமியாரால முடியலைன்னா அங்க சேவை செய்யறவங்ககிட்ட சொல்லுங்க, வழி பண்ணுவாங்க. முடிஞ்சா சாப்பிட்டப்புறம் பையனைப் பாத்திரம் கழுவுற இடத்துக்கோ ரொட்டி உருட்டுற இடத்துக்கோ அனுப்புங்க. யார் போய் நின்னாலும் வேலை குடுப்பாங்க.

மஞ்சள் தடம் அண்ணன் போட்ட திட்டத்துல ஆக்ராவே இல்லை, அந்த விஷயத்துல நான் அவர்கிட்ட இருந்து மாறுபடுறேன். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைதான் லீவு, திங்கள் திறந்திருக்கும். டெல்லியில பாதி இடம் மூடியிருக்கிற நாளை ஆக்ராவுக்குக் குடுக்கிறதுதான் புத்திசாலித்தனம். குதுப் மினாரை ஞாயிறு மதியத்துக்கு மாத்தலாம், ஹுமாயூனை விட்டுடலாம். பிள்ளைங்க ஆசைப்படுறாங்க, திரும்ப எப்போ டெல்லி வரப் போறீங்க?

மஞ்சள் தடம்

ஊர்சுற்றி சொல்றது நாள் கணக்குக்குச் சரி தம்பி, பணக் கணக்குக்குச் சரியில்லை. தாஜ்ல இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், சமாதி மாடத்துக்கு மேல போக இன்னும் 200. மூணு பெரியவங்களுக்கு 750, பிள்ளைங்களுக்கு இலவசம். இதுவரைக்கும் பரவாயில்லை. போக வர அஞ்சு ரயில் டிக்கெட், செகண்ட் சிட்டிங்னாலும். ஆக்ரா கேன்ட் ஸ்டேஷன்ல இருந்து தாஜ் சுமார் 6 கிலோமீட்டர், அஞ்சு பேருக்கு ரெண்டு ஆட்டோ போக வர. பெட்ரோல் டீசல் வண்டி வாசல் வரைக்கும் போகாது, தள்ளியே இறக்கி விட்டுடுவாங்க. அங்கிருந்து பேட்டரி வண்டி. எல்லாம் சேர்ந்தா உங்க ஒரு நாள் சாப்பாட்டுப் பணத்தைப் போல ரெண்டு பங்குக்கு மேல போயிடும்.

அதை விட அம்மா. காலைல 5 மணிக்கு எழுந்து, ரயில், ஆட்டோ, பேட்டரி வண்டி, வெயில்ல பளிங்குத் தரை, மறுபடி ராத்திரி ரயில். டிக்கெட் 3 மணி நேரம்தான் செல்லும், நடுவுல உட்கார்ந்து இளைப்பாறவும் நேரம் பார்க்கணும். செவ்வாய் ராத்திரி மறுபடி முப்பது மணி நேர ரயில். போகணும்னா நீங்களும் பிள்ளைங்களும் போங்க, கணவர் அம்மாவோட டெல்லியில இருக்கட்டும். மூணு பேர்னா ஒரே ஆட்டோ, பெரியவங்க டிக்கெட் ஒண்ணே ஒண்ணு, செலவு பாதியா இறங்கிடும். சமாதி மாடத்துக்கு ஏறாம 50 ரூபாய் டிக்கெட்லயே தோட்டமும் வெளித் தோற்றமும் நல்லாப் பார்க்கலாம்.

நீங்க எப்படி முடிவு பண்ணினாலும் ஹுமாயூன் கல்லறையை அவ்வளவு சுலபமா விடாதீங்க. தாஜ்மகாலுக்கு முன்னோடி அதுதான். நாலு பக்கம் வாய்க்கால் ஓடுற தோட்டம், நடுவுல உயரமான மேடை, இரட்டைக் குவிமாடம், எல்லாம் 1570-களுக்குள்ள அங்க கட்டி முடிச்சாச்சு. தாஜ் வேலை ஆரம்பிக்க அதுக்கப்புறம் அறுபது வருஷம் ஆச்சு. மேடைக்கு ஏறுற படிதான் செங்குத்து, ஒவ்வொரு படியும் முழங்கால் உயரத்துக்குக் கிட்ட. பையனும் பொண்ணும் ஓடி ஏறுவாங்க. அம்மா மேற்கு வாசல்ல நுழைஞ்சதும் தெரியுற மரத்தடியில உட்கார்ந்தாலே முழுக் கட்டடமும் கண்ணுக்கு நேரா நிக்கும்.

அடையாறு ஆலமரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திங்கள் லீவுங்கிறது சுத்தமாத் தெரியாது, நல்லவேளை கேட்டேன். மாமியார்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். ஆக்ரா வேண்டாம்னு அவங்க சொல்லலை, ஆனா ஹுமாயூன் கல்லறையே போதும்னு பையன் சொல்லிட்டான். பங்களா சாகிப்ல வேலை குடுப்பாங்கன்னு கேட்டதும் பொண்ணுதான் முதல்ல குதிக்கிறா.

ஓட்டலுக்குப் போன் பண்ணினேன். எர்லி செக்-இன்னுக்கு 500 கேக்குறாங்க. செவ்வாய் செக்-அவுட் 11 மணி. அன்னைக்குப் பெட்டிகளை என்ன பண்றது? அக்ஷர்தாமுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதே.

யமுனைக்கரை

500 ரூபாய் குடுத்துடுங்க சகோதரி. மாமியாருக்குச் சனிக்கிழமை காலைல கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டில் கிடைக்கும், அதுக்கு மேல அந்தப் பணத்துக்கு வேற நல்ல செலவு இல்லை. ஆட்டோ கணக்குல இருந்து அதை எடுத்துக்கலாம்.

செவ்வாய்ப் பெட்டி: முதல்ல ஓட்டல்லயே கேளுங்க, செக்-அவுட் பண்ணினப்புறம் சாயந்திரம் வரைக்கும் ரிசப்ஷன்ல வெச்சுக்கச் சொன்னா பெரும்பாலும் சும்மாவே வெச்சுக்குவாங்க. காலைல 8 மணிக்குக் கிளம்பும்போதே ரூம் காலி பண்ணி, சாவி குடுத்து, கணக்கு முடிச்சு ரசீது வாங்கிடுங்க. சாயந்திரம் வந்து பேச்சு வார்த்தை வேண்டாம். அவங்க மாட்டேன்னா ஸ்டேஷன் க்ளோக் ரூம். அங்க பூட்டு போடாத பையை வாங்க மாட்டாங்க. ஜிப் வெச்ச துணிப் பைக்கும் சின்னப் பூட்டு வேணும், ஊர்ல இருந்தே ரெண்டு மூணு எடுத்துட்டு வாங்க. அன்னைக்குப் பயண டிக்கெட்டையும் காட்டச் சொல்வாங்க. நகை, பணம், மாத்திரை இதெல்லாம் பெட்டியில விடாம உடம்போட வெச்சுக்கோங்க.

திரும்ப ரூமுக்கு வந்து பெட்டி எடுக்க 6 மணின்னு வெச்சுக்கோங்க. கிளம்பும் முன்னாடி ரயில் எந்தப் பிளாட்பாரம்னு ஆப்ல பாருங்க. சின்ன நம்பர்னா பஹாட்கஞ்ச் வாசல், நடந்தே போகலாம். 12-க்கு மேலன்னா பெட்டியோட பாலம் ஏறாதீங்க, ரெண்டு ஆட்டோ வெச்சு அஜ்மேரி கேட் பக்கம் சுத்திப் போய் இறங்குங்க. அந்த ரோட்டுல சாயந்திரம் நெரிசல் பலமா இருக்கும், அரை மணி நேரம் கூடுதலா எடுத்துக்கோங்க. வாசல்ல பெட்டி ஸ்கேன் பண்ற வரிசையில மாமியாரை நிக்க வைக்காம, பையனோட முன்னாடி அனுப்பி உள்ள உட்கார வெச்சிடுங்க.